பத்திரிகை நறுக்குகள்: உணவு, பண்பாடு, இன்றைய சமூகம் பற்றிய கட்டுரைகளைச் சேர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகவும் பல்கலைக்கழக ஆய்வுக்காகவும் வெறும் ஆர்வத்தினாலும் பத்திரிகைக் கட்டுரைகளைச் சேர்க்கத் தொடங்கிய, கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நறுக்குகளைச் சேர்த்து வருகிறேன். பதில்களில் ஒரு பகுதி நூலகத் துறையினர் பொதுவாகக் கைக்கொள்ளும் முறைகளைச் சார்ந்தது. மறு பகுதி நானே பிழைவிட்டுக் கற்றுக்கொண்டது.

உணவு, பண்பாடு, சமூகம் ஆகிய மூன்றையும் ஏன் ஒரே சேகரிப்பில் வைக்க வேண்டும்? தனித்தனிக் கோவைகள் வசதியானவை அல்லவா?

தொடக்கத்தில் நானும் மூன்று கோவைகளையே வைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு நறுக்கையும் எந்தக் கோவையில் வைப்பது என்று தடுமாறத் தொடங்கியதும் அந்தப் பிரிப்பைக் கைவிட்டேன். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி பற்றிய செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் அது அனர்த்தச் செய்தி. ஆனால் அன்று விழுந்த தென்னைகளை நினைத்தால் அது சமையலறைச் செய்தியும் ஆகிவிடுகிறது. பிட்டுக்குத் தேங்காய்ப்பூவும் ஆணத்துக்கு (குழம்புக்கு) தேங்காய்ப்பாலும் இல்லாமல் இந்த ஊரில் சமையல் ஏது?

அண்மைக் காலத்திலிருந்தும் ஓர் உதாரணம் தருகிறேன். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகம் (மாரிகால நெற்செய்கை) தொடங்கிவிட்டதால் அம்பாறை வயல்களில் விளைச்சல் குன்றியது. அதைத் தொடர்ந்து அரிசி விலை ஏறியது. 2022 இல் சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். விறகடுப்பு வீடுகளுக்குத் திரும்பி வந்தது. இவற்றைப் பற்றிய செய்திகள் விவசாயப் பக்கத்திலும் வர்த்தகப் பக்கத்திலும் மகளிர் பக்கத்திலும் சிதறிக் கிடந்தன. அவற்றை ஓரிடத்தில், நாள் வரிசையில் அடுக்கிப் பார்க்கும்போதுதான் வயலில் தொடங்கிய ஒன்று எத்தனை மாதத்தில் உலைக்கு வந்து சேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே என் சேகரிப்பு இப்போது ஒரே வரிசைதான்; அது நாள் வரிசை. பொருள் வாரியாகத் தேடுவதற்குத் தனியே ஒரு சுட்டிக் கொப்பி இருக்கிறது.

எந்தப் பத்திரிகைகளில், எந்தப் பக்கங்களில் தேடுவது?

1930 இல் தொடங்கிய வீரகேசரி, 1932 இல் தொடங்கிய தினகரன், 1997 இல் தொடங்கிய தினக்குரல் ஆகியவற்றின் ஞாயிறு இதழ்கள் முதலிடம் பெறுகின்றன. முஸ்லிம் ஊர்களின் வாழ்வைப் பற்றி அறிய நவமணி, விடிவெள்ளி ஆகியவற்றையும் பார்க்காமல் விடக்கூடாது. பழையவற்றில் மட்டக்களப்பைச் சேர்ந்த எஸ்.டி. சிவநாயகம் ஆசிரியராக இருந்த தினபதியும் சிந்தாமணியும் எங்கள் பகுதி பற்றித் தேடுவோருக்குப் பயன்படும்.

இவற்றில் பெரும்பாலானவை கொழும்பில் அச்சானவை என்பதை மறக்க வேண்டாம். கிழக்கின் உணவைப் பற்றிக் கொழும்பிலிருந்து எழுதப்படும் அழகான முழுப்பக்கக் கட்டுரையை விட, ‘காரைதீவு நிருபர்’, ‘கல்முனை நிருபர்’ என்ற குறிப்போடு உள்பக்கத்தின் மூலையில் வரும் எட்டு வரிச் செய்தியே எனக்குப் பெரிது. முன்னதை எழுதியவர் ஒரு தடவை வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவராக இருக்கலாம்; பின்னதை எழுதியவர் அதே சந்தையில் நாள்தோறும் மீன் வாங்குபவர்.

ஆசிரியருக்கு வரும் கடிதங்கள், சிறு விளம்பரங்கள், திருமண விளம்பரங்கள், மரண அறிவித்தல்கள் ஆகியவற்றையும் சேருங்கள். கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை இருப்பதும், மகளுக்கு வீடு கொடுப்பது இன்றும் வழக்கத்தில் இருப்பதும் நூல்களில் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த வழக்கம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு எப்படி நெகிழ்கிறது என்பதைத் திருமண விளம்பரங்களில் வரும் வீடு, வளவு, வெளிநாட்டு வேலை போன்ற சொற்களே சொல்லிவிடுகின்றன.

எதைச் சேர்க்காமல் விடலாம்?

இந்தியச் சஞ்சிகைகளிலிருந்து அப்படியே எடுத்துப் போடப்படும் சமையற் குறிப்புகளையும், ‘இதைத் தின்றால் இந்த நோய் தீரும்’ என்ற வகைத் துணுக்குகளையும் விடலாம். ஆண்டுக்கு ஓரிரண்டை மட்டும் மாதிரிக்கு வைத்திருங்கள். அவை பரவிய விதமும் ஒரு காலத்தில் ஆய்வுக்குப் பொருளாகும்.

கோயிற் சடங்கு, கூத்து பற்றிய செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரி வருகின்றனவே, அவற்றையும் வைத்திருக்க வேண்டுமா?

கட்டாயம் வைத்திருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடைபெறும் குளிர்த்தி, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரை ஆகியவை பற்றிய செய்திகளில் வாசகங்கள் ஏறத்தாழ ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கும். ஒரே மாதிரி இருப்பதனாலேயே மாறுகின்ற ஒரு சொல் உடனே துருத்திக்கொண்டு தெரியும். பாதயாத்திரைச் செய்திகளில் காட்டுவழி மூடப்பட்டிருந்த ஆண்டுகளையும் திறந்த ஆண்டுகளையும் குறித்து வந்தாலே போரின் காலக்கோடு ஒன்று கிடைத்துவிடும். அன்னதானம் பற்றிய ஒரு வரியில் எந்த ஊரார் என்ன கொடுத்தார்கள் என்ற விபரமும் அகப்படும்.

வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பற்றிப் பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் ஆழமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதே பணியைப் பத்திரிகை நறுக்கு செய்யப் போவதில்லை. எந்த ஊரில், எந்த நாளில், யார் அண்ணாவியாராக (கூத்தைப் பழக்கும் ஆசானாக) நின்று, எந்தக் கதை அரங்கேறியது என்ற தகவல்தான் நறுக்கில் கிடைக்கும். அது வேறெங்கும் பதிவாகியிருப்பது அரிது.

ஒவ்வொரு நறுக்கிலும் என்னென்ன குறிக்க வேண்டும்?

பத்திரிகையின் பெயர், திகதி, பக்க இலக்கம், எழுதியவர் பெயர் ஆகிய நான்கும் இல்லாத நறுக்குக்கும் கடலைச் சரைக்கும் வேறுபாடு இல்லை. கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னரே இவற்றை எழுதிவிடுங்கள். வெட்டிய பின் எழுதலாம் என்று வைத்த முழுப் பத்திரிகை மறுநாள் அடுப்படிக்குப் போய்விடும். ஒட்டும் தாளின் ஓரத்தில், பென்சிலால் எழுதுவதே நல்லது. பேனை மையும் பந்துமுனைப் பேனையின் மையும் ஈரத்தில் கசிந்து மறுபக்கத்துக்கு ஊறும்.

ஐந்தாவதாக நான் ஒன்றைச் சேர்ப்பேன்: ஊர்ச்சொல். பத்திரிகை ‘குழம்பு’ என்று அச்சிட்டிருந்தால் அதன் அருகே ‘ஆணம்’ என்று எழுதுங்கள். பால் விட்டுச் சமைத்ததா, புளி விட்டுச் சமைத்ததா என்று தெரிந்தால் பாலாணம், புளியாணம் என்று பிரித்தே எழுதுங்கள். பத்திரிகைத் தமிழ் நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால் ஆசிரியபீடத்தில் இந்தச் சொற்கள் இயல்பாகவே களையப்பட்டுவிடுகின்றன. அதில் யாரையும் குறைகூற முடியாது. ஆனால் நறுக்கைச் சேர்க்கும் நாமும் அதைக் குறிக்காமல் விட்டால், ஐம்பது ஆண்டுகளின் பின் நம் கோவைகளைப் புரட்டும் ஒருவர் மட்டக்களப்பார் ஆணம் என்ற சொல்லையே அறியாதவர்கள் என்று முடிவுகட்டக் கூடும்.

திகதி இல்லாத பழைய நறுக்கு கிடைத்தால் அதன் காலத்தைக் கண்டறிய வழி உண்டா?

உண்டு. உண்மையைச் சொன்னால், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதலில் நறுக்கைத் திருப்பிப் பாருங்கள். நாம் வேண்டி வெட்டிய கட்டுரையை விட, தற்செயலாக மறுபக்கத்தில் அகப்பட்ட அரை விளம்பரம் கூடுதலாகப் பேசும்: படமாளிகையில் ஓடும் படம், பரீட்சை அறிவித்தல், ஒரு இறாத்தல் சீனியின் விலை. பழைய அளவான இறாத்தலா, பின்னர் வந்த கிலோகிராமா என்பதே பெரிய தடயம்.

அடுத்தது கிழமையும் திகதியும் சேர்ந்து வரும் இடங்கள். ‘ஞாயிற்றுக்கிழமை 26ஆம் திகதி’ என்று மட்டும் இருந்தால் பல ஆண்டுகள் பொருந்தும். அதனோடு ‘பௌர்ணமி’ என்ற சொல்லும் சேர்ந்தால் பொருந்தும் ஆண்டுகள் மிகச் சிலவாகக் குறைந்துவிடும். ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 அப்படியொரு பௌர்ணமி ஞாயிறு. இன்னொரு நுட்பமும் உண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாளும் (சந்திரனின் நான்கு கட்டங்களில் வரும் பௌத்தப் புனித நாள்) அதற்கு முந்திய நாளுமே வார விடுமுறையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமையில் பாடசாலையும் கந்தோரும் இயங்கியதாக ஒரு நறுக்கு சொன்னால், அச்சுப்பிழை என்று ஒதுக்காமல் அந்த ஆறு ஆண்டுகளுக்குள் தேடுங்கள்.

இவ்வாறு ஊகித்த திகதியை அடைப்புக்குறிக்குள் இட்டு, எப்படி ஊகித்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

பொருட்தலைப்புகளை எப்படி வகுப்பது?

நூலகங்களில் வழங்கும் டூயி தசமப் பகுப்பில் சமையல் 641.5 இலும், உணவு சார்ந்த வழக்கங்கள் 394.1 இலும் வரும். பெரிய சேகரிப்பாக வளரும் என்று நம்புகிறவர்கள் அந்த எண்களைக் கையாளலாம். பின்னர் நூலகத்துக்குக் கொடுப்பதும் எளிதாகும். எனினும் அந்தப் பகுப்பில் நோன்புக் கஞ்சி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். அது உணவா, சமயமா, பள்ளிவாசலைச் சுற்றிய அயலுறவா? நான் ‘நோன்பு’ என்ற தலைப்பின் கீழ் முதற் பதிவையும், ‘கஞ்சி’, ‘அரிசி’, ‘தமிழ் – முஸ்லிம் உறவு’ ஆகியவற்றின் கீழ் ‘நோன்பு பார்க்க’ என்ற குறுக்குச் சுட்டுப் பதிவுகளையும் இடுவேன். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்ற தொடரை இந்தப் பகுதியில் சமையலுக்குச் சொல்வதை விட இரு சமூகத்தவரின் உறவுக்குச் சொல்வதே அதிகம். அந்தத் தொடர் தலைப்பில் வரும் கட்டுரைகளைச் சமையற் கோவையில் வைத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

தலைப்புகளை முன்கூட்டியே நூறாகத் திட்டமிட வேண்டாம். பதினைந்து, இருபதோடு தொடங்கினால் மற்றவை நறுக்குகள் சேரச் சேரத் தாமாக வரும்.

தாள் ஏன் இவ்வளவு விரைவாகப் பழுப்பேறி உடைகிறது? எப்படிப் பாதுகாப்பது?

பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்த கூழினால் செய்யப்படுகிறது. அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படுவதில்லை. ஒளியும் காற்றும் பட்டவுடன் லிக்னின் மாறி அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் தாளின் நாரை அறுக்கிறது. அதாவது, கேடு தாளுக்குள்ளேயே இருக்கிறது. அதை நிறுத்த இயலாது, தாமதிக்கச் செய்யலாம்.

ஆகவே முக்கியமான நறுக்கு ஒவ்வொன்றையும் அமிலமற்ற நல்ல தாளில் நிழற்பிரதி எடுத்து, பிரதியைக் கையாள்வதற்கும் மூலத்தை இருட்டான பெட்டியில் வைப்பதற்கும் ஒதுக்குங்கள். ஒளிபுகும் ஒட்டுநாடாவை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளை ஊடுருவும், பின் நாடா உதிர்ந்தாலும் கறை போகாது. ஒட்டியே ஆக வேண்டுமானால் கோதுமை மாவைத் தண்ணீரில் காய்ச்சிய பசையை மெல்லிதாக, மூலைகளில் மட்டும் இடுங்கள். ஆனால் மாப்பசை பூச்சிக்கு விருந்து என்பதால், ஒட்டாமல் உறைக்குள் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். குண்டூசியும் கம்பிக் கொளுவியும் எங்கள் உப்புக் காற்றில் ஒரு மாரிக்குள் துருப்பிடிக்கும். லமினேற் செய்வது பார்வைக்கு அழகாக இருந்தாலும் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் பிரிக்கவே முடியாது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்கும் நமக்கு ஈரமே முதல் எதிரி. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். மழை விட்ட காலத்தில், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் அவற்றைத் திறந்து பாருங்கள். பூச்சி கண்ட கட்டை இறுக்கமான பொலித்தீன் பையில் சுற்றி ஒரு கிழமைக்குக் குறையாமல் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் பூச்சியும் முட்டையும் அழியும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் பொறுத்திருங்கள். கறையானுக்கு மட்டும் இந்த வைத்தியம் போதாது. அதற்கு அலுமாரியை மாற்ற வேண்டியிருக்கும்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால் என்ன செய்வது?

நனைந்த தாளில் இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதற்குள் உலர்த்தக் கூடிய அளவை மட்டும் வெளியே எடுத்து, வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்; மீதியை அப்படியே பொலித்தீனில் இட்டு உறையவைத்துவிட்டால் அவகாசம் கிடைக்கும். ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரத்தோடு இழுத்துப் பிரிக்க முயல வேண்டாம். வெயிலில் போடுவதும் தவறு. தாள் நெளிந்து முறுகிவிடும்.

2004 இல் எனக்கு இவற்றில் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயன் இருந்திராது. வீட்டுக்குள் வந்த கடல் கீழ்த்தட்டுகளில் இருந்த பதினோரு வருடச் சேகரிப்பை எடுத்துச் சென்றுவிட்டது. மேல்தட்டில் இருந்த சுட்டிக் கொப்பி மட்டும் மிஞ்சியது. அதில் குறித்திருந்த பத்திரிகைப் பெயரையும் திகதியையும் வைத்து, இழந்தவற்றில் ஒரு பகுதியை வெவ்வேறு நூலகங்களில் தேடி மீண்டும் பிரதி எடுத்தேன். சுட்டியைச் சேகரிப்பிலிருந்து வேறான இடத்தில் வையுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

எல்லாம் இணையத்தில் இருக்கும்போது வெட்டி ஒட்டுவது எதற்கு?

எல்லாம் இருப்பதில்லை. பிராந்தியச் செய்திகளில் பல அச்சிலேயே நின்றுவிடுகின்றன. இணையத்தில் ஏறியவையும் தளம் புதுப்பிக்கப்படும்போது காணாமற் போகின்றன. மறுபுறம், அச்சும் நிரந்தரமானதன்று. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் ஐலண்ட் என்ற ஆங்கில நாளிதழும் திவயின என்ற சிங்கள நாளிதழும் அச்சிடுவதை நிறுத்தி மின்னிதழாக மட்டும் வர நேர்ந்தது. ஆகையால் அச்சு நறுக்கையும் மின்பிரதியையும் சேர்த்தே வைத்திருக்கப் பழகுங்கள்.

ஒரு தொழில்நுட்பச் சிக்கலையும் சொல்ல வேண்டும். இலங்கையில் நெடுங்காலம் பாமினி எழுத்துரு வழக்கில் இருந்ததால், பழைய மின்னிதழ்களில் தமிழ்ச் சொற்களை இட்டுத் தேடினால் அகப்படாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல்தான். அவற்றை ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றி வையுங்கள், அல்லது தலைப்பையாவது தட்டச்சிட்டு வையுங்கள்.

கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் போதுமா?

அவசரத்துக்குப் போதும். நிரந்தரப் பிரதிக்கு ஸ்கானரில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் எடுங்கள். கோப்பின் பெயரை 2022-04-10 என்று ஆண்டில் தொடங்கினால் கணினியே நாள் வரிசையில் அடுக்கிவிடும். பிரதிகளில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

நறுக்குகளைப் பிறருடன் பகிர்வது சட்டப்படி சரியா?

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அன்றாடச் செய்திகளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு வழங்குவதில்லை. ஆனால் எழுத்தாளர் பெயரோடு வரும் கட்டுரை, கதை, புகைப்படம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. அது பொதுவாக எழுதியவரின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஆய்வு, கற்பித்தல், விமர்சனம் ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த அதே சட்டம் இடமளிக்கிறது. வகுப்பில் காட்டலாம், தொகுத்து நூலாக விற்பதானால் அனுமதி பெற வேண்டும்.

நுண்கடன், தற்கொலை, வெளிநாட்டில் பணிப்பெண்ணாக இருந்து துன்பப்பட்டவர் போன்ற செய்திகளைச் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும், அவை இல்லாமல் இக்காலக் கிழக்கைப் பற்றிய சேகரிப்பு பொய்யாகிவிடும். ஆனால் எங்கள் ஊர்கள் சிறியவை. பத்திரிகையில் ஒரு நாள் வந்து மறைந்த பெயர், உங்கள் கோவையின் வழியாக இருபது ஆண்டுகளின் பின் அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் வகுப்பறைக்கே வந்து சேரலாம். ஆகவே சுட்டியில் ஊரையும் பொருளையும் மட்டும் குறித்து, பெயரைத் தலைப்பாக்காமல் விடுகிறேன். மாணவருக்குக் கொடுக்கும் பிரதியில் பெயரை மறைத்துவிடுகிறேன்.

இறுதியில் இந்தச் சேகரிப்பை யாரிடம் ஒப்படைப்பது?

தனியாள் ஒருவர் நறுக்குகளால் எவ்வளவு பெரிய ஆவணத் தொகுதியை உருவாக்க முடியும் என்பதற்குக் குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் முன்னுதாரணம், அவர் திரட்டியவற்றை நுண்படச் (மைக்ரோபிலிம்) சுருள்களாகவும் ஆக்கினார். நம்மில் பலருக்கு அது இயலாது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நூலகங்களையும் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தையும் உயிரோடு இருக்கும்போதே அணுகிக் கேளுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் இலவசமாகத் தரும் நூலகம் நிறுவனத்தோடும் தொடர்புகொள்ளலாம். பெட்டிகளை மட்டும் கொண்டுபோனால் எந்த நூலகரும் தயங்குவார்; சுட்டிக் கொப்பியை முதலில் நீட்டுங்கள்.

வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். எங்கள் தெருவில் ‘பழைய போத்தல், பேப்பர்’ என்று கூவிக்கொண்டு வருபவர் என் பெட்டிகளை இரண்டு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டார். இரண்டு தடவையும் நான் கடைக்குப் போயிருந்தேன். இரண்டு தடவையும் என் மனைவிதான் தராசிலிருந்து அவற்றை இறக்கி வைத்தார்.